செட்டியார் தெரு உலைக்கு வயர் இழுத்த கதை

விடியப்புறம் 4.10க்கு 699. 4.20க்கு 699. 4.30க்கு 700. எஸ்டி கார்டில் இருந்த வரிகளை லப்டொப்பில் உருட்டிக் காட்டியபோது மாமா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "நான் அப்பவே சொன்னன் தம்பி, கொன்ட்ரோலர் பொய் சொல்லுது."

உலையின் முகப்பில் இருந்த கொன்ட்ரோலர் இரவு முழுக்க 730 என்று காட்டியிருந்தது. உலையின் சூட்டை இரவில் எழுதி வைக்க நான் கட்டிக் கொடுத்த பெட்டி 30 பாகை குறைவாக எழுதியிருந்தது. இரண்டில் எது பொய் என்று நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை. ஒன்று பத்து வருடப் பழசு, மற்றது புத்தம் புதுசு, அதுவும் மருமகன் கையால் செய்தது. தீர்ப்பு அங்கேயே முடிந்துவிட்டது. மாமா கொன்ட்ரோலரை 760க்கு ஏற்றினார்.

பொய் சொன்னது என்னுடைய பெட்டிதான். இன்னும் சரியாகச் சொன்னால், பெட்டிக்கும் உலைக்கும் நடுவே நான் இழுத்த நாலு மீற்றர் வயர். அந்த நாலு மீற்றரைச் சரியாக்க மூன்று தடவை இணைக்க வேண்டியிருந்தது. இரண்டாவது தடவை முதலாவதை விடவும் மோசமாகப் போனது. அதை எழுதி வைக்கத்தான் இந்தப் பதிவு.

மாமாவின் நகைப் பட்டறை கொழும்பு செட்டியார் தெருவில், கதிரேசன் கோயில் மணி கேட்கும் தூரத்தில் ஒரு மேல்மாடியில் இருக்கிறது. தாலிக்கொடி, தோடு, பதக்கம் எல்லாம் அங்கே மெழுகில் செய்து வார்க்கிறார்கள். மெழுகு மாதிரிகளை மரம் போல ஒரு தண்டில் ஒட்டி, இரும்பு உருளைக்குள் நிறுத்தி, ஜிப்சமும் சிலிக்காவும் கலந்த மாவைக் கரைத்து ஊற்றுவார்கள். இறுகியதும் உருளையை உலையில் வைத்து இரவு முழுக்கச் சூடேற்ற வேண்டும். மெழுகு உருகி வழியும், மிச்சம் எரிந்து சாம்பலும் இல்லாமல் போகும், அந்த வெற்றிடத்தில்தான் காலையில் தங்கம் போகிறது. உச்ச வெப்பநிலை 730 பாகை செல்சியஸ் அளவில் நிற்க வேண்டும். குறைந்தால் கரி மிஞ்சும், அதுவும் வார்ப்பில் துளை போடும். கூடினால் ஜிப்சம் சிதைந்து கந்தக வாயு விடத் தொடங்கும், அது உலோகத்தில் ஊசி குத்தினது போலத் துளை போடும். அந்த உலைக்கு 30 பாகை பெரிய விஷயம்.

மாமாவுக்கு இடைக்கிடை துளை விழுந்துகொண்டிருந்தது. ஐந்து உருளை வைத்தால் ஒன்றில் வரும், எதில் என்று சொல்ல முடியாது. இரவில் உலைக்குப் பக்கத்தில் ஆள் இருப்பதில்லை. "ராத்திரி என்ன நடக்குதெண்டு எழுதி வைக்கிற மாதிரி ஒண்டு செய்து தா" என்றார். நான் பகலில் ஒரு தொழிற்சாலையில் கருவிகள் பராமரிப்பவன், எனக்கு இது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை என்று நினைத்தேன்.

முதல் ஞாயிறு போர்டிலேயே போய்விட்டது. கையில் இருந்தது கே வகைத் தேர்மோகப்பிள் ஒன்று, அதாவது இரண்டு வேறு உலோக வயர்களை நுனியில் சேர்த்த சூடு அளக்கும் சென்சர், அது தரும் சின்ன மின்னழுத்தத்தை வெப்பநிலையாக மாற்றும் மேக்ஸ்31855 சிப் போட்ட சின்ன போர்ட் ஒன்று. மேசையில் வைத்துப் பார்த்தபோது அருமையாக வேலை செய்தது. உலையின் புகைத் துவாரத்தில் சென்சரைச் செருகியதும் கோளாறு என்றது, நிலத்தோடு ஷோர்ட் என்றது. வெளியே எடுத்தால் சரி, உள்ளே விட்டால் கோளாறு. அரை மணித்தியாலம் அதை உள்ளேயும் வெளியேயும் இழுத்துக்கொண்டிருந்தேன். பிறகு பட்டறைப் பையன் யாரோ லப்டொப் சார்ஜரைக் கழற்றித் தன் போனைச் செருகினான். கோளாறு போய்விட்டது!

லப்டொப் பற்றரியில் ஓடினால் நல்லாயிருக்கிறது, மூன்று முனைச் சார்ஜர் போட்டால் கோளாறு. அப்போதுதான் விளங்கியது. சென்சரின் உலோக உறைக்குள் வயர்களின் நுனி உறையோடு சேர்த்தே பற்றவைக்கப்பட்டிருந்தது. உறை உலையின் உடம்பைத் தொடுகிறது, உலை எர்த் செய்யப்பட்டது. என் போர்டின் பூச்சிய வோல்ட் முனை, அதாவது அதன் நிலம், யூஎஸ்பி வழியாக, சார்ஜர் வழியாக, அதே எர்த்துக்குப் போகிறது. வட்டம் மூடிவிட்டது. இந்தச் சிப் அப்படியான சென்சரை ஏற்காது, நிலத்தைத் தொட்டால் அதையே கோளாறாக எடுத்துக்கொள்ளும். ஏற்கிற கருவியாக இருந்தாலும் எர்த் இரண்டு இடத்தில் இருந்தால் இடையில் ஓடும் மின்னோட்டம் மைக்ரோவோல்ட்களைக் குழப்பிவிடும். கே வகை ஒரு பாகைக்குத் தருவதே 41 மைக்ரோவோல்ட் அளவுதான்.

தீர்வு இரண்டு. யூஎஸ்பி வழியில் அந்த எர்த் தொடர்பை அறுக்கும் மின்தனிமைப்படுத்தி ஒன்று போடலாம். அல்லது நுனி உறையைத் தொடாத சென்சர் வாங்கலாம். எனக்கு எப்படியும் பிறகு இரண்டு மூன்று சென்சர் வேண்டியிருக்கும், எல்லாம் உலை உடம்பைத் தொடும், அதனால் இரண்டாவதே நல்லது என்று பட்டது. வாங்கும்போது மல்ட்டிமீற்றரைக் கொண்டுபோய் உறைக்கும் வயருக்கும் இடையில் ஓம் பாருங்கள். தொடர்பே காட்டாவிட்டால் அது தனித்த நுனி. பீப் அடித்தால் உறையோடு ஒட்டியது. இதைக் கடையில் நின்று பார்க்க வெட்கப்பட வேண்டியதில்லை.

போர்டையும் மாற்றி மேக்ஸ்31856 ஆக்கினேன். பழையது கே வகையின் வளைவை நேர்கோடாக எடுத்துக் கணக்குப் போடுகிறது. சமையலறை வெப்பநிலைக்கு அது போதும், 730இல் சுமார் 7 பாகை கூடக் காட்டும். புதியது அட்டவணையை உள்ளேயே வைத்திருக்கிறது. ஈஎஸ்பி32 என்ற சின்னக் கணினிப் போர்ட் ஒன்றோடு சேர்த்து எஸ்டி கார்டில் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை எழுதச் செய்தேன். மென்பொருள் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை, அது ஒரு மாலை வேலை.

இனி வயர்.

சென்சரோடு வந்த வால் ஒன்றரை அடி. பெட்டி வைக்க வசதியான இடம் உலையிலிருந்து நாலு மீற்றர் தள்ளிச் சுவரில். பட்டறையில் ஸ்பீக்கர் வயர் ஒரு சுருள் கிடந்தது, சிவப்பும் கறுப்புமாக நல்ல செப்பு. உலைக்குப் பக்கத்தில் ஒரு பீங்கான் கனெக்டர் வைத்து, சென்சர் வாலையும் ஸ்பீக்கர் வயரையும் அதில் முறுக்கினேன். சிவப்போடு சிவப்பு, மற்றதோடு மற்றது. லைட்டரைக் காட்டியதும் எண் கீழே இறங்கியது. ஓ, தலைகீழ். போர்ட் பக்கம் இரண்டு வயரையும் மாற்றிப் போட்டேன். லைட்டர் காட்டினால் ஏறியது. கேத்தலில் தண்ணீர் கொதிக்க வைத்துச் சென்சர் நுனியை ஆவியோடு பிடித்தேன், 99.6 என்றது. கொழும்பு கடல் மட்டத்தில் இருப்பதால் கொதிநீர் 100க்குப் பக்கத்தில்தான் இருக்கும் (நுவரெலியாவில் இதைச் செய்தால் 94 அளவில் நிற்கும், அங்கே போய் சென்சரில் பிழை என்று சொல்லக்கூடாது). திருப்தியோடு 101 பஸ் பிடித்து வெள்ளவத்தைக்குப் போனேன்.

அந்த இரவின் பதிவுதான் தொடக்கத்தில் சொன்ன 699.

மாமா 760க்கு ஏற்றிய இரவில் பெட்டி 730 என்று எழுதியது, நாங்கள் சந்தோஷப்பட்டோம். காலையில் வார்த்ததை நீரில் போட்டு மாவைக் கழுவியபோது பதக்கங்கள் மணற்காகிதத்தால் தேய்த்தது போல இருந்தன. லூப் என்ற நகைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் முகம் முழுக்கத் துளை. முன்பு ஐந்தில் ஒன்று பழுதானது, இப்போது ஐந்தும். நல்லவேளை, சோதனை என்பதால் மாமா வெள்ளியில் வார்த்திருந்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பதக்கம் ஒன்றை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு வாடிக்கையாளரைப் பார்க்கக் கீழே போய்விட்டார். திட்டியிருக்கலாம்.

அன்று முதலில் செய்ய வேண்டியதைச் செய்தேன், அதாவது கொன்ட்ரோலர் காட்டியதையும் என் பெட்டி எழுதியதையும் மணிக்கு மணி பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கொன்ட்ரோலர் எண்ணை இரவு எட்டு மணியிலிருந்து நானே இருந்து கொப்பியில் எழுதினேன். உலை குளிராக இருக்கும்போது இரண்டும் 31. பத்து மணிக்கு வித்தியாசம் 4. நள்ளிரவில் 18. இரண்டு மணிக்குப் பிறகு 30, பிறகு அசையவில்லை. சென்சர் பழுது என்றால் வித்தியாசம் உலையின் சூட்டோடு போக வேண்டும். இது உலை 700ஐத் தாண்டிய பிறகும் ஆறுதலாக ஏறிக்கொண்டிருந்தது. வேறு ஏதோ ஒன்று மெல்லச் சூடேறுகிறது.

கனெக்டரைத் தொட்டேன். இரண்டு எண்ணும் வரை விரலை வைக்க முடியவில்லை. மற்றொரு சென்சரை அதில் ஒட்டிப் பார்த்தால் 62 பாகை. சுவரில் பெட்டி இருந்த இடம் 31. கழித்துப் பாருங்கள்.

உயர்தரப் பௌதிகவியலில் வெப்பவிணை என்று படித்ததைத்தான் நான் மறந்திருந்தேன். இரண்டு உலோகம் சேரும் நுனியில் மின்னழுத்தம் பிறக்கிறது என்று பலரும் மனதில் வைத்திருக்கிறோம், படமும் அப்படித்தான் போடுவார்கள். நுனி வெறும் முடிச்சு. மின்னழுத்தம் பிறப்பது வயரின் நீளத்தில், எந்த இடத்தில் வெப்பநிலை மாறுகிறதோ அந்த இடத்தில். உலைக்குள் முழுக்க 730 ஆக இருக்கும் பகுதி ஒன்றும் தராது. உலைச் சுவரைத் தாண்டும் சில அங்குலத்தில்தான் பெரும்பகுதி பிறக்கிறது. அங்கிருந்து பெட்டி வரை 62இலிருந்து 31க்கு இறங்கும் மிச்சமும் அந்த வயர்களே தர வேண்டியது. நான் அந்தப் பகுதிக்குச் செப்பு போட்டேன். இரண்டு பக்கமும் ஒரே செப்பு என்றால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துவிடும், அந்த 31 பாகைக்குப் பூச்சியம். கே வகை அட்டவணையில் 62க்கு 2.519 மில்லிவோல்ட், 31க்கு 1.244. வித்தியாசம் 1.275 மில்லிவோல்ட் காணாமல் போனது. 730க்கு வர வேண்டிய 30.382இலிருந்து அதைக் கழித்தால் 29.107, அட்டவணையில் அது 699 அல்லது 700. கார்டில் இருந்த எண் அப்படியே வருகிறது. கொன்ட்ரோலர் பாவம்.

இந்தச் சிப்புகள் தங்கள் சொந்த வெப்பநிலையை அளந்து அதையும் சேர்த்துக்கொள்கின்றன. அதாவது தேர்மோகப்பிள் தன் திருகு வரை வந்து முடிகிறது என்று நம்பிக் கணக்குப் போடுகின்றன. நான் அதை நாலு மீற்றருக்கு முன்பே, 62 பாகையில், முடித்துவிட்டேன். சிப்புக்கு அது தெரிய வழியில்லை. கேத்தல் சோதனை ஏன் தேறியது என்பதும் இதனால்தான்: அப்போது கனெக்டரும் போர்ட்டும் ஒரே அறைச் சூட்டில் இருந்தன. மேசையில் வைத்துச் செய்யும் எந்தச் சோதனையும் இந்தப் பிழையைப் பிடிக்காது.

சரி, கேபிள் வாங்க முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போனேன். மூன்றாவது கடையில் கடைக்கார நானா பின்பக்கம் போய்த் தூசி தட்டி ஒரு சுருள் கொண்டுவந்தார். பச்சை உறை, உள்ளே பச்சையும் வெள்ளையும். ஐஇசி என்ற சர்வதேசத் தர நிறம், கே வகைக்கு நீட்டிப்புக் கேபிள், பச்சை பிளஸ், வெள்ளை மைனஸ். கேஎக்ஸ் என்று உறையில் அச்சிட்டிருந்தது. அதே உலோகக் கலவைகளில் செய்தது என்று அர்த்தம். கேசி என்று அச்சிட்டதும் உண்டு, அது வேறு மலிவான கலவை, குறைந்த வெப்பநிலை எல்லைக்குள் மட்டும் கே வகை போல நடந்துகொள்ளும். உலைக்குப் பக்கத்தில் அதைப் போட எனக்கு மனமில்லை. ஐந்து மீற்றர் வெட்டித் தந்தார்.

ஞாயிறு மறுபடி. ஸ்பீக்கர் வயரைக் கழற்றிவிட்டுப் புதியதை இழுத்தேன். சென்சர் வாலில் ஒன்று மஞ்சள், ஒன்று சிவப்பு. சிவப்பு என்றால் பிளஸ், சின்ன வயதிலிருந்து பற்றரி மாற்றிய கை அப்படித்தான் போகும். பச்சையைச் சிவப்போடு முறுக்கினேன், வெள்ளையை மஞ்சளோடு. போர்டில் பச்சை பிளஸ், வெள்ளை மைனஸ். லைட்டர் காட்டினால் எண் இறங்கியது. சென்ற தடவையும் இப்படித்தானே, போர்ட் பக்கம் மாற்றிப் போட்டதும் சரியாகியது. மாற்றிப் போட்டேன். ஏறியது. கேத்தல் 99.7. பஸ்.

மறுநாள் காலை மாமா போன் எடுத்தார். "தம்பி, இப்ப 669 எண்டு காட்டுது." நல்ல கேபிள் போட்டதும் பிழை இரண்டு மடங்காகிவிட்டது.

அந்தத் திங்கட்கிழமை வேலைத்தலத்தில் நான் ஒருவரோடும் சரியாகப் பேசவில்லை. மத்தியானம் சோற்றுப் பார்சலைப் பிரித்துவைத்துக்கொண்டு அது சுற்றி வந்த தாளில் கோடு போட்டுப் பார்த்தபோது பிடிபட்டது. மஞ்சள்–சிவப்பு அமெரிக்க நிறம். அதில் சிவப்பு எப்போதும் மைனஸ். ஆக, கனெக்டரில் நான் சென்சரின் மைனஸோடு கேபிளின் பிளஸைக் கட்டியிருக்கிறேன். எண் இறங்கியதும் அதைத் திருத்த வேண்டிய இடம் கனெக்டர். நான் போர்டில் திருத்தினேன். இப்போது சென்சர் நேராக இருக்கிறது, நடுவில் நாலு மீற்றர் கேபிள் மட்டும் தலைகீழாக நிற்கிறது. 62க்கும் 31க்கும் இடையில் அது தர வேண்டிய 1.275 மில்லிவோல்ட்டைத் தராமல் விட்டால் ஒரு பங்கு பிழை, செப்பு செய்தது அது. தலைகீழாகத் தந்தால் இரண்டு பங்கு பிழை. 30.382இலிருந்து 2.55 கழித்தால் 27.832, அட்டவணையில் 669. செப்பில் இந்தத் தவறு வெளிப்படவில்லை, இரண்டு வயரும் ஒரே உலோகம், எதை எதோடு கட்டினாலும் ஒன்றுதான். அங்கே பலித்த வித்தையை இங்கேயும் செய்தேன்.

நிறத்தை நம்ப முடியாது என்பதைப் பிறகு ஒரு பழைய கைநூலைப் பார்த்து இன்னும் உறுதிப்படுத்திக்கொண்டேன். கே வகைக்கு ஐஇசியில் பச்சை பிளஸ், வெள்ளை மைனஸ். அமெரிக்காவில் மஞ்சள் பிளஸ், சிவப்பு மைனஸ். பழைய பிரித்தானிய முறையில் மண்ணிறம் பிளஸ், நீலம் மைனஸ். பழைய ஜெர்மன் முறையில் சிவப்பு பிளஸ், பச்சை மைனஸ். யப்பானில் சிவப்பு பிளஸ், வெள்ளை மைனஸ். பச்சை ஒரு ஊரில் பிளஸ், மற்ற ஊரில் மைனஸ். நம் தொழிற்சாலைகளில் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு நாட்டிலிருந்து வந்த இயந்திரங்கள் ஒரே கூரைக்குள் நிற்கின்றன. ஒரே பெட்டிக்குள் இதில் மூன்று முறையைக் கண்ணால் கண்டிருக்கிறேன்.

காந்தம் பொய் சொல்லாது. கே வகையின் மைனஸ் அலுமெல், சுமார் 95 வீதம் நிக்கல், காந்தத்துக்கு இழுபடும். பிளஸ் குரோமெல், அதில் பத்து வீதம் குரோமியம், இழுபடாது. பழைய ஹார்ட் டிஸ்கில் கழற்றிய காந்தம் ஒன்று என்னிடம் உண்டு. வயரின் நுனியை அரை அங்குலம் உரித்து, மெல்லிய இழையைத் தொங்கவிட்டுக் காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோனால் மைனஸ் சாய்ந்து வந்து ஒட்டும். இழுவை மெல்லியது, தடித்த வயரை அசைக்காது, அதனால் இழையைச் சுதந்திரமாகத் தொங்கவிட வேண்டும். சிவப்பு வயர் வந்து ஒட்டியது. கேபிளில் வெள்ளை ஒட்டியது. ஜே வகை என்றால் கதை மாறும், அதில் பிளஸ்தான் இரும்பு, அதுதான் பாய்ந்து ஒட்டும்.

மூன்றாவது தடவை: மஞ்சளோடு பச்சை, சிவப்போடு வெள்ளை, போர்டில் பச்சை பிளஸ். பீங்கான் கனெக்டருக்குள் இருப்பது பித்தளை, அது கே வகை உலோகம் இல்லையே என்று கேட்கலாம். இரண்டு திருகும் ஒரே வெப்பநிலையில் இருக்கும் வரை நடுவில் வரும் உலோகம் எதுவானாலும் பாதிப்பில்லை. ஒரு திருகு உலைப் பக்கம், மற்றது சுவர்ப் பக்கம் என்று வைத்தால்தான் வம்பு. நான் இரண்டையும் உலைக்குச் சமதூரத்தில் இருக்கும்படி திருப்பி வைத்தேன். இதற்கென்றே தட்டை முனையுள்ள மஞ்சள் நிறச் சின்ன பிளக்குகள் உண்டு, முனைகளும் அதே கலவையில் செய்தவை, அகலமான முனை மைனஸ், தலைகீழாகச் செருக முடியாது. அடுத்த சென்சருக்கு அதுதான். ஈயம் வைத்து ஒட்ட நினைப்பவர்களுக்கு ஒரு சொல்: குரோமெல்லில் சாதாரண ஈயம் உருண்டு உருண்டு விழும். திருகு வையுங்கள்.

இந்தத் தடவை கேத்தலை நம்பவில்லை. மாமியின் முடி உலர்த்தியைக் கேட்டு வாங்கினேன். உலை குளிர், சென்சர் நுனி உள்ளே 31இல். முடி உலர்த்தியைக் கனெக்டருக்கு மட்டும் பிடித்தேன். மாமா எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். "31... 31... 31.2... 31." கனெக்டர் தொட முடியாத சூடு, எண் அசையவில்லை. அப்படித்தான் இருக்க வேண்டும். நுனியும் சூடாகவில்லை, போர்டும் சூடாகவில்லை, நடுவில் எது சூடானாலும் ஏறுவதும் இறங்குவதும் ஒன்றையொன்று ஈடுசெய்ய வேண்டும். பிறகு வேண்டுமென்றே பழையபடி தலைகீழாக மாற்றிப் போட்டு அதே முடி உலர்த்தியைப் பிடித்துக் காட்டினேன். "25... 14... 3... இதென்ன, ஐஸ் பெட்டியா?" என்றார் மாமா. வயர் இழுத்து முடித்தவுடன் எல்லாரும் செய்ய வேண்டிய ஒரே சோதனை இது என்பேன். இரண்டு நிமிட வேலை.

அந்த இரவு கொன்ட்ரோலர் 730, பெட்டி 728. கே வகையில் துல்லியத்தில் இரண்டாம் வகுப்புச் சென்சருக்கு அந்தச் சூட்டில் அனுமதிக்கும் பிழை 0.75 வீதம், அதாவது ஐந்தரை பாகை. இரண்டு பாகைக்குச் சண்டை பிடிக்கத் தேவையில்லை.

மிச்சம் சில்லறைத் தொல்லைகள். உலையின் ஹீற்றர் ஓடும்போது எண் இரண்டு மூன்று பாகை நடுங்கியது, நின்றால் அமைதி. மேக்ஸ்31856 வாங்கி வந்தபடியே 60 ஹேர்ட்ஸ் இரைச்சலை வடிகட்டும், நம் நாட்டு மின்சாரம் 50. சிப்பின் அமைப்புகளை வைத்திருக்கும் சிஆர்0 பதிவகத்தின் கடைசி பிட்டை 1 ஆக்கியதும் நடுக்கம் அடங்கியது. முறிந்த வயரைக் கண்டுபிடிக்கும் வசதியும் அதே பதிவகத்தில்தான், வரும்போது அணைத்தே வரும், அதையும் போட்டுவிட்டேன். கேபிளை ஹீற்றர் வயரோடு ஒரே குழாயில் இழுத்திருந்தேன், அதையும் பிரித்துச் சுவரின் மறுபக்கம் கொண்டுபோனேன். கேபிளில் கவசப் பின்னல் இருந்தால் அதை ஒரு பக்கம் மட்டும் எர்த் செய்யுங்கள். இரண்டு பக்கமும் செய்தால் முதல் ஞாயிற்றுக்கிழமையின் வட்டம் திரும்ப வரும்.

அப்புறம் மின்விசிறி. பகலில் சீலிங் ஃபேன் ஓடினால் எண் ஒரு பாகை அலையும். சிப் அளப்பது தன் சொந்த வெப்பநிலையை, வயர் முடிவது திருகில். காற்று பட்டால் இரண்டும் கொஞ்சம் பிரியும். போர்டைத் தூக்கி ஒரு பிஸ்கட் டின்னுக்குள் வைத்து மூடினேன், துவாரத்தில் பஞ்சு. ஈஎஸ்பி32இன் வைஃபை சூடு திருகுக்குப் போகாமல் அதை மட்டும் டின்னுக்கு வெளியே ஒட்டினேன். வேலைத்தலத்தில் இருக்கும் பெரிய கருவிகளில் திருகுகளுக்குக் கீழே தடித்த அலுமினியக் கட்டை இருப்பது இதற்காகத்தான். அதன் மூடியைக் கழற்றி வைத்துவிட்டு "வாசிப்பு ஆடுது" என்று சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பெரிய கருவிகள் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், கேட்கிறவர்கள் உண்டு. பிளஸ், மைனஸ் இரண்டும் நிலத்தைத் தொடாமல் வித்தியாசத்தை மட்டும் அளக்கும் உள்ளீட்டில், தனித்த நுனிச் சென்சரைக் கட்டினால் எண் மெல்ல மெல்ல மிதந்து போய் எல்லையில் நின்றுவிடும். உள்ளீட்டுக்குத் தேவையான நுண்ணிய மின்னோட்டம் திரும்பிப் போக வழியில்லாததுதான் காரணம். மைனஸிலிருந்து கருவியின் நிலத்துக்கு 10 கிலோஓம் முதல் 100 கிலோஓம் வரை ஒரு மின்தடை போட்டால் அந்த மிதப்பு அடங்கிவிடும். உறையோடு ஒட்டிய சென்சர் என்றால் அதைப் போடாதீர்கள், அதற்கு உலை வழியாக ஏற்கெனவே நிலம் இருக்கிறது. மேக்ஸ்31856 இந்த வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறது, அதில் ஒன்றும் சேர்க்கத் தேவையில்லை.

மாமாவின் பழைய துளை, ஐந்தில் ஒன்று பழுதாகும் அந்தத் துளை, இன்னும் மிச்சம் இருந்தது. இரண்டாவது சென்சரை வாங்கி உலைக் கதவுக்குப் பக்கத்து உருளைக்கு ஓரமாக வைத்தேன். பின்சுவரில் 728 காட்டும்போது கதவோரம் 688. ரப்பர் போலத் தடித்திருக்க வேண்டிய கதவு விளிம்புப் பஞ்சு ஒரு மூலையில் நசுங்கிக் கிடந்தது, வெளிச்சம் தெரிந்தது. கதவோரம் வைக்கும் உருளைக்குள் கரி எரிந்து முடியவில்லை. முன்வரிசையில் எது நிற்கிறதோ அதில் துளை, அது ஒவ்வொரு நாளும் வேறு ஆளின் ஓடர். அதனால்தான் எதில் வரும் என்று சொல்ல முடியாமல் இருந்திருக்கிறது.

பஞ்சை மாற்றும் வரை முன்வரிசையைக் காலியாக விடுவது என்று முடிவு. கதவில் மாமா சோக்கட்டியால் ஒரு கோடு போட்டு "இதுக்கு மேல வைக்காதே" என்று எழுதியிருக்கிறார். அந்த இரண்டாவது சென்சரை நான் பட்டறைக்குக் கொண்டுபோன அன்று, வாலில் மண்ணிறமும் நீலமுமாக இருந்தது. நான் பையைத் திறக்க முன்பே மாமா என் காந்தத்தை எடுத்து வயருக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றார். நீலம் சாய்ந்து வந்து ஒட்டியது.